தலைமாட்டில் நிற்பவர்கள்: குராரேயும் இதய அறுவையும்

தமிழகத்து இதய அறுவையின் வரலாற்றை யார் எழுதினாலும் மூன்று ஊர்ப்பெயர்கள் தவறாமல் இடம்பெறும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1949இல் நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கேயே 1960களின் தொடக்கத்தில் ந. கோபிநாத் திறந்த இதய அறுவையை வெற்றியுடன் நிகழ்த்தினார். பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் 1975இல் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். 2008இல் அவருடைய முகப்பேர் மருத்துவமனைக்கு ஓர் இதயம் காவல்துறையின் துணையோடு விரைந்து வந்தது. அந்த இதயம் புறப்பட்ட கதையின் தொடக்கம் திருக்கழுக்குன்றம். இக்கட்டுரையை எழுதும் நாம் வாழும் சிறுசேரிக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டத்திலேயே உள்ள ஊர் அது. அதைப் பின்னர் பார்ப்போம்.

இந்த வரலாறுகளில் கத்தி பிடித்தவர்களின் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. நோயாளியின் தலைமாட்டில், பச்சைத் துணித்திரைக்கு மறுபுறம் நின்றவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. மயக்க மருந்து கொடுப்பவர் என்ற அளவில் அவர்களை நாம் கடந்துவிடுகிறோம். ஆனால் இதயத்தைத் திறப்பதற்கு முன்னரும் மூடிய பின்னரும் அந்த இதயத்தை ஓடவைத்திருக்கும் பொறுப்பு அவர்களுடையது. அவர்கள் கையிலிருந்த மருந்துகளுள் ஒன்று, அமேசான் காடுகளின் அம்புமுனையிலிருந்து வந்தது. அந்த மருந்துக்கும் குருதியோட்டத்துக்கும் இடையே நடந்த நீண்ட வழக்கைச் சொல்வதே நம் நோக்கம்.

அம்பு நஞ்சு என்றதும் அது நமக்குத் தொலைவான பொருள் என்று தோன்றலாம். உண்மையில் அதன் உறவினர்கள் நம் வேலியோரத்தில் நிற்கின்றனர். கயானா நாட்டுக் குராரே எடுக்கப்பட்ட கொடி ஸ்ட்ரிக்னோஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. நம் எட்டி மரமும், கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாவும் அதே பேரினம். மற்றொரு வகைக் குராரே தரும் காண்டோடென்ட்ரான் கொடி, நம் சீந்தில் கொடியின் குடும்பம். ஒரே இனத்துக்குள் எத்தனை முரண்! எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னின் முதுகுத்தண்டின் கடிவாளத்தை அவிழ்த்துத் தசைகளை வெட்டியிழுக்கச் செய்து கொல்லும். குராரேயோ தசைகளை ஒவ்வொன்றாக ஓயச்செய்து கொல்லும். தேற்றா எவரையும் கொல்வதில்லை, குடத்து நீரைத் தெளிவிப்பதோடு நின்றுவிடுகிறது.

குராரே இதயத்தை நேரடியாகக் கொல்வதில்லை என்பதை முதலில் மெய்ப்பித்தது ஒரு கழுதை. 1814இல் சார்லசு வாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பயணி, கயானாவிலிருந்து கொண்டுவந்த நஞ்சை இலண்டனில் ஒரு பெண் கழுதைக்கு ஏற்றச் செய்தார். சில நிமிடங்களில் அது இறந்ததுபோல் வீழ்ந்தது. மூச்சுக்குழாயைத் திறந்து துருத்தியால் காற்றூதிக்கொண்டே இருந்தனர். சில மணி நேரத்தில் நஞ்சின் வேகம் தணிய, கழுதை எழுந்து நின்றது. வூராலியா என்று பெயரிடப்பட்ட அது வாட்டர்டனின் பண்ணையில் 1839 வரை வாழ்ந்தது. மூச்சை நாம் எடுத்துக்கொண்டால் உயிர் தங்கும் என்பதே இதன் பொருள். இன்றைய செயற்கைச் சுவாசக் கருவி, கொள்கையளவில், அந்தத் துருத்திதான்.

இந்நஞ்சு நரம்பையோ தசையையோ அழிப்பதில்லை, இரண்டும் சந்திக்கும் இடத்தில் செய்தியைத் தடுக்கிறது என்று காட்டியவர் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார். இலக்கிய வாசகர்களுக்கு அவரிடம் மற்றொரு காரணத்தாலும் ஈடுபாடு தோன்றும். 1864இல் பாரிசின் பெயர்பெற்ற பொதுவாசிப்பு இதழொன்றில் அவர் குராரே பற்றி எழுதினார். அசைவு முழுவதும் அற்ற உடலுக்குள் உணர்வும் அறிவும் விழித்தே இருக்கும் நிலையை அங்கே அவர் எண்ணிப்பார்க்கிறார். அமைதியான சாவு என்று பார்ப்பவர் கருதுவது, உள்ளே இருப்பவருக்கு எத்தகைய கொடுமை என்பது அக்கட்டுரையின் அடிநாதம். அது வெறும் கற்பனையன்று என்பது சுமார் எண்பது ஆண்டுகள் கழித்துத் தெளிவாயிற்று.

1942 சனவரி 23 அன்று மான்ட்ரியல் ஓமியோபதி மருத்துவமனையில் (ஆம், ஓமியோபதி மருத்துவமனைதான்) ஹெரால்டு கிரிஃபித் தம் உதவியாளர் எனிட் ஜான்சனுடன், குடல்வால் அறுவைக்கு வந்த இளைஞர் ஒருவருக்கு மயக்கத்தின்போது குராரே கொடுத்தார். வயிற்றுத் தசைகள் தளர்ந்தன, அறுவை எளிதாயிற்று. அதுவரை தசை தளரவேண்டுமானால் ஈதரையோ குளோரோபாரத்தையோ ஆழமாகக் கொடுக்கவேண்டும். ஆழம் கூடக்கூட இரத்த அழுத்தம் சரியும். இப்போது மயக்கம் தனி, வலிநீக்கம் தனி, தசைத்தளர்வு தனி என்று மூன்றாகப் பிரிக்க முடிந்தது. 1946இல் லிவர்பூலின் கிரேயும் ஹால்டனும் இம்முறையை ஒரு கொள்கையாகவே நிறுவினர். நலிந்த இதயம் உடையவரையும் மேசையில் படுக்கவைக்கலாம் என்ற துணிவு இங்கிருந்துதான் பிறந்தது.

குராரே மயக்கமும் தருமா என்ற ஐயம் மட்டும் எஞ்சியிருந்தது. அதைத் தீர்க்க 1947இல் அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர் தம் உடலையே கொடுத்தார். மயக்க மருந்து ஏதுமின்றி முழு அளவு டியூபோகுராரினை ஏற்றிக்கொண்டார். கண்ணிமைகூட அசையாத நிலையில், சுற்றி நடந்தது அனைத்தையும் உணர்ந்தும் நினைவில் கொண்டும் இருந்தார். பெர்னார் எண்ணிப்பார்த்ததை ஸ்மித் அனுபவித்துவிட்டார். தசைத் தளர்த்தி எதையும் மறக்கச் செய்வதில்லை, எதையும் சொல்லவும் விடுவதில்லை.

புதிய மருந்தின் மீது வழக்கும் விரைவில் வந்தது. பீச்சர், டாட் என்னும் இருவர் பத்து அமெரிக்க மருத்துவமனைகளில் 5,99,548 மயக்கங்களை ஆராய்ந்து 1954இல் வெளியிட்ட கணக்கின்படி, தசைத் தளர்த்தி பெற்றவர்களில் மயக்கம் சார்ந்த இறப்பு 370 பேருக்கு ஒன்று. பெறாதவர்களில் 2,100 பேருக்கு ஒன்று. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. குராரேக்கே உரிய நச்சுத்தன்மை ஒன்று உண்டு என்று அவர்கள் ஐயுற்றனர். மருந்தின் மிச்சம் உடலில் இருக்கும்போதே நோயாளியைத் தாமாக மூச்சுவிட அனுப்பியதுதான் குற்றம் என்றனர் மறுதரப்பினர். பிற்காலம் பெரிதும் மறுதரப்பின் பக்கமே நின்றது.

மூச்சா, இதயமா என்ற இவ்வழக்கு இந்தியாவுக்குப் புதிதன்று. குளோரோபாரம் கொல்வது மூச்சை நிறுத்தியா, இதயத்தை நிறுத்தியா என்பதை அறிய 1888இலும் 1889இலும் ஐதராபாத்தில் இரு ஆய்வுக்குழுக்கள் கூடின. எட்வர்டு லாரி தலைமையேற்றார். நிஜாம் பொருள் தந்தார். இரண்டாவது குழுவுக்காக இலண்டனிலிருந்து லாடர் பிரன்டன் வந்தார். நூற்றுக்கணக்கான நாய்களும் குரங்குகளும் மாண்டன. மூச்சுதான் முதலில் நிற்கிறது, மூச்சைக் கவனித்தால் போதும் என்பது தீர்ப்பு. 1911இல் குட்மன் லெவி, மேலோட்டமான குளோரோபார மயக்கத்தில் அட்ரினலின் சேர்ந்தால் இதயம் ஒழுங்கிழந்து திடீரென நின்றுவிடும் என்று காட்டி அத்தீர்ப்பை உடைத்தார். அந்த ஐதராபாத்தில்தான் ரூபா பாய் பர்தூன்ஜி என்ற பெண்மணி மயக்கம் கொடுப்பதையே தொழிலாகப் பயின்றார். உலகின் முதல் பெண் மயக்கவியலாளர் என்று அவரைச் சிலர் போற்றுவர். தலைமாட்டில் நின்றவர்களுள் பெயர் தங்கிய ஒருசிலரில் அவர் ஒருவர்.

வேலூருக்கு வருவோம். அங்கே மேசைக்கு வந்த இதயங்கள் மேனாட்டு இதயங்கள் அல்ல. மேலைநாட்டில் கொழுப்படைத்த தமனியோடு நடுவயதினர் வந்தார்கள் என்றால், இங்கே சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போன இளைஞர்களும் இளம் தாய்மார்களும் வந்தனர். இதயத்தை நிறுத்தாமலே, துடிக்கும் இதயத்துக்குள் விரலையோ விரிப்பானையோ நுழைத்து ஒட்டிய வால்வைப் பிரிப்பது மூடிய மைட்ரல் அறுவை. வேலூரின் ஸ்டான்லி ஜானும் உடனிருந்தோரும் இவ்வாறு தொடர்ச்சியாகச் செய்த 3,724 அறுவைகளின் பயனை 1983இல் ஓர் அமெரிக்க இதழில் வெளியிட்டனர். உலகின் பெருந்தொகுதிகளுள் அதுவும் ஒன்று.

இந்த 3,724 பேரின் தலைமாட்டில் நின்றவர்களுக்கு நாடித்துடிப்பின் வேகமே உயிர்நாடி. சுருங்கிய மைட்ரல் வால்வின் வழியே குருதி இறங்க நேரம் தேவை. இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட ஓய்வில்தான் அது இறங்கும். துடிப்பு விரைந்தால் ஓய்வு குறையும். குருதி பின்தேங்கி நுரையீரலை நிரப்பும். வால்வு கசியும் நோயாளிக்கோ இதற்கு நேர்மாறு. அவருக்கு மெதுவான துடிப்பே தீங்கு. ஆகவே ஒரே மருந்து ஒரு படுக்கையில் நன்மையாகவும் அடுத்த படுக்கையில் கேடாகவும் அமையும். நல்ல தளர்த்தி எது என்று பொதுவாகக் கேட்பது, நல்ல சொல் எது என்று இடம் சொல்லாமல் கேட்பது போன்றது.

தளர்த்திகள் தசையோடு மட்டும் நின்றிருந்தால் இச்சிக்கல் எழுந்திராது. நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற அதே பொருளைத்தான் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைத் தணிக்கவும் பயன்படுத்துகிறது. பூட்டுகள் வேறு, ஆயினும் சாவிகள் ஓரளவு ஒத்திருப்பதால் தசைக்கென்று கொடுத்தது இதயத்தின் பூட்டிலும் சற்றே நுழைந்துவிடும். டியூபோகுராரின் ஹிஸ்டமினைக் கிளப்பி, நரம்பு முடிச்சுகளையும் தடுத்து இரத்த அழுத்தத்தைச் சரியவைத்தது. 1947இல் டேனியல் போவே அறிமுகப்படுத்திய காலமின், வேகஸைத் தடுத்து நாடியை ஓடவைத்தது. நம் மைட்ரல் நோயாளிக்கு அது ஆகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1964இல் ஆர்கனான் நிறுவனத்தின் ஸ்காட்லாந்து ஆய்வகத்தில் ஹியூவிட், சாவேஜ் ஆகியோர் ஒரு ஸ்டீராய்டுச் சட்டகத்தின் இரு முனைகளில் அசிட்டைல்கோலின் போன்ற இரு அமைப்புகளைப் பொருத்தினர். ஆப்பிரிக்கச் செடியொன்றின் மலூயெட்டின் என்ற பொருள் அவர்களுக்கு முன்மாதிரி. இவ்வாறு பிறந்த பான்குரோனியம் 1967இல் மருத்துவமனைக்கு வந்தது. ஹிஸ்டமின் இல்லை, அழுத்தம் சரிவதில்லை. ஒருமுறை கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். நாடி மட்டும் சற்று விரையும். நெடுநேரம் நீளும் இதய அறுவைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றிய காலம் அது.

அந்த விரையும் நாடியே அதற்கு வாழ்வளித்தது என்பது வரலாற்றின் விந்தை. 1969இல் பாஸ்டனின் எட்வர்டு லோவன்ஸ்டைன், நலிந்த வால்வுடையவர்களுக்கு மிகுந்த அளவு மார்ஃபினைக் கொடுத்தும் குருதியோட்டம் குலைவதில்லை என்று காட்டினார். 1978இல் ஸ்டான்லியும் வெப்ஸ்டரும் அதே வழியில் ஃபென்டனிலைக் கொண்டுவந்தனர். சிறு அறுவைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் போதும். இவர்களோ 50, 100 மைக்ரோகிராம் என்று கொடுத்தனர். அந்த அளவில் ஃபென்டனில் இரண்டு தொல்லைகள் தரும். மார்புத் தசைகள் மரக்கட்டைபோல் விறைத்து மூச்சூத விடா. நாடியும் மிகத் தணிந்துவிடும். பான்குரோனியம் விறைப்பைத் தளர்த்தியது, தணிந்த நாடியையும் தூக்கிவிட்டது. ஒன்றின் குறை மற்றொன்றின் குறையால் நேர்பட்டது. நம் பேரூர் மருத்துவமனைகள் உட்பட உலகெங்கும் இந்த இணை நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது.

1985இல் இரண்டு ஆய்வுகள் அந்த நிம்மதியைக் குலைத்தன. தாம்சனும் புட்னின்சும், தமனியடைப்பு நோயாளிகளில் இந்த இணைகூட நாடியை மிகைப்படுத்தி இதயத் தசையைப் பட்டினி போடக்கூடும் என்றனர். மற்றொன்றை நாம் ஒரு சிறுகதைபோலவே படித்தோம். ஹூஸ்டன் நகரில் ஸ்லோகாஃப், கீட்ஸ் ஆகியோர் 1,023 பைபாஸ் நோயாளிகளை ஆராய்ந்தனர். அறுவையைச் சுற்றிய நேரத்தில் இதயத் தசைக்குக் குருதி குறைந்தவர்களில் 6.9 விழுக்காட்டினருக்கு மாரடைப்பு, குறையாதவர்களில் 2.5 விழுக்காட்டினருக்கு மட்டுமே. மயக்கம் கொடுத்தவர்களை எண்களால் குறித்திருந்தனர். அவர்களுள் ஏழாம் எண்ணுக்குரியவரின் நோயாளிகளுக்கு நாடி விரைவதும் குருதி குறைவதும் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தன. துறை முழுவதும் அவரை 'மயக்கவியலாளர் எண் 7' என்றே அறிந்தது. பெயரில்லாத் தொழிலில் ஒருவருக்கு வாய்த்த புகழ் இவ்வகைப்பட்டது! ஆனால் அந்த எண் சொன்ன செய்தி பெரிது. மருந்து எதுவாயினும், அதைக் கொடுக்கும் கை நோயாளியின் கதியை மாற்றுகிறது என்பதை அது முதன்முறையாகக் கணக்கில் காட்டியது.

பின்னர் வந்தவை, நாம் விரைந்து கடக்கக்கூடியவை. பான்குரோனியத்திலிருந்து ஒரு மெத்தில் குழுவைக் கழற்றியதும் வெக்குரோனியம் ஆயிற்று. இதயத்தின் பூட்டை அது ஏறக்குறையத் தொடவே இல்லை. ஆனால் ஃபென்டனிலோடு சேர்த்தபோது தணிந்த நாடியைத் தூக்க ஆளில்லாமல் போயிற்று. ஸ்டென்லேக் உருவாக்கிய அட்ரகூரியம், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் நம்பியிராமல் உடலின் வெப்பத்திலும் காரத்தன்மையிலும் தானே சிதையும் அழகிய மூலக்கூறு. விரைந்து கொடுத்தால் ஹிஸ்டமினைக் கிளப்பும். அக்குறையைச் சிஸ்அட்ரகூரியம் பெரிதும் நீக்கிற்று. 1990களில் ரோகுரோனியம் வந்தது. நோயாளியைச் சில மணி நேரத்திலேயே கருவியிலிருந்து விடுவிக்கும் வழக்கம் பரவியபின், நெடுநேரம் தங்கும் பான்குரோனியம் அறுவைக்குப் பிந்தைய தசைச்சோர்வுக்குக் காரணமாகிறது என்று 2000களின் தொடக்க ஆய்வுகள் காட்டின. ஒரு காலத்தில் அதன் சிறப்பாக இருந்த நீட்சியே இப்போது அதன் குற்றம்.

இதய நுரையீரல் இயந்திரத்தோடு இணைத்த உடலில் இக்கணக்குகள் எல்லாமே தடுமாறும். 1953 மே 6 அன்று ஃபிலடெல்பியாவில் ஜான் கிப்பன் அதை முதன்முதலில் வெற்றியுடன் பயன்படுத்தினார். இயந்திரத்தை நிரப்பிய நீர்மம் கலந்ததும் மருந்து நீர்த்துப்போகும். உடலைக் குளிர்வித்ததும் மருந்து சிதைவது மந்தமாகிக் குறைந்த அளவே நெடுநேரம் நிற்கும். தளர்வு அப்போது இன்றியமையாதது. தசைகள் நடுங்கினால் உயிர்வளிச் செலவு பன்மடங்காகி, குளிர்வித்ததன் பயன் வீணாகும். மீண்டும் வெப்பமேற்றும்போது மூளை விழிக்கத் தொடங்கும். தசையோ இன்னும் கட்டுண்டிருக்கும். இதய அறுவையில் உணர்வு திரும்பும் அபாயம் மற்ற அறுவைகளைவிட மிகுதி என்று மயக்கவியல் நூல்கள் எச்சரிப்பதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். 1970ஐ ஒட்டி ஹசன் அலி முதலானோர் வகுத்த முறைப்படி, மணிக்கட்டு நரம்பில் நான்கு சிறு மின்துடிப்புகளைக் கொடுத்துக் கட்டைவிரல் எத்தனை முறை மடங்குகிறது என்று எண்ணுவர். அது தளர்வை அளக்கும். விழிப்பை அளக்காது.

தளர்த்திகளுள் ஒன்று நம் தமிழ்நிலத்தில் தனிக்கதை உடையது. மருத்துவமனைப் பேச்சில் ஸ்கோலின் எனப்படும் சக்சினில்கோலின் சில நிமிடங்களே நிற்கும். குருதியிலுள்ள ஒரு நொதி அதை உடைத்துவிடும். ஆரிய வைசியர்களில் சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே செயலற்றிருப்பதால், தளர்வு மணிக்கணக்கில் நீளும். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கோவைப் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அயல்நாட்டினருடன் இணைந்து 2006இல் வெளியிட்டனர். நம் மயக்கவியலாளர்கள் அறுவைக்கு முன் சில குடும்பங்களிடம் 'உறவினர் எவருக்காவது கண்விழிக்கத் தாமதமானதா?' என்று கேட்பதன் பின்னே இந்த அறிவு இருக்கிறது. அப்படி நேர்ந்தாலும் நோயாளிக்கு வேண்டியது வாட்டர்டனின் துருத்திதான். மூச்சைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கவேண்டும்.

பான்குரோனியத்துக்கு மருத்துவமனைக்கு வெளியே ஒரு வாழ்வு உண்டு; அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1977இல் அமெரிக்காவின் ஓக்லகோமாவில் வகுக்கப்பட்ட நச்சூசி மரணதண்டனை முறை, பின்னர் மூன்று மருந்துகளின் வரிசையாகப் பல மாநிலங்களில் நிலைபெற்றது: மயக்கம், தளர்த்தி, இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம். நடுவில் தளர்த்தி எதற்கு? பார்ப்பவர் கண்ணுக்குச் சாவு அமைதியாகத் தோன்றுவதற்கு, என்பதைத் தவிர வேறு வலுவான விடை நமக்குக் கிடைக்கவில்லை. மயக்கம் போதாமல் போனால் உள்ளே என்ன நிகழும் என்பதைப் பெர்னார் 1864இலேயே எழுதிவிட்டார். 2008 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கென்டக்கி மாநிலத்தின் இம்முறை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதே 2008ஆம் ஆண்டு செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். பெற்றோர் அவருடைய உறுப்புகளைக் கொடையளித்தனர். மாலை நேரச் சென்னை நெரிசலைக் காவல்துறை விலக்கிவிட, இதயம் 11 நிமிடங்களில் முகப்பேரை அடைந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. 2011இல் மலையாளத்தில் 'டிராபிக்', 2013இல் தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' என்று திரைப்படங்களும் வந்தன. திரையில் நாம் கண்டது வண்டியோட்டம். திரையில் வராதது, இரண்டு அறுவை அரங்குகளின் தலைமாடு.

மூளை இறந்த உடலிலும் முதுகுத்தண்டு இறப்பதில்லை. கத்தி படும்போது கை அசையக்கூடும். அதைக் காணும் செவிலியரும் உறவினரும் நடுங்கிப்போவர். ஆகவே கொடையாளிக்கும் தசைத் தளர்த்தி கொடுப்பது வழக்கம். உணரும் எவரும் இல்லாத உடலுக்குத் தளர்த்தி தருவது இந்த ஓரிடத்தில்தான்.

மறு அரங்கில் வேறொரு புதுமை. எடுத்துப் பொருத்திய இதயத்துக்கு வேகஸ் நரம்பின் இணைப்பு அறுபட்டிருக்கும். அதைத் தணிக்க எவரும் இல்லாததால் ஓய்விலும் அது நிமிடத்துக்கு 90க்கு மேல் துடிக்கும். பான்குரோனியம் கொடுத்தால் அதன் நாடி விரைவதில்லை. தடுப்பதற்கு அங்கே வேகஸின் செய்தியே வருவதில்லை. நாடி தணிந்தால் வழக்கமாகக் கொடுக்கும் அட்ரோபினும் பயன்படாது. ஆதலால் தலைமாட்டில் இருப்பவர் இதயத் தசையை நேரே தூண்டும் ஐசோப்ரினலினையோ, மின்துடிப்புக் கருவியின் கம்பிகளையோ அணியமாக வைத்துக்கொண்டுதான் கவ்வியைத் திறக்கச் சொல்வார்.